சாறிச் சட்டை தைக்கப் பழகும் பிள்ளைகள் விடும் பிழைகள்

உப்புவெளியில் என் வீட்டு விறாந்தையில் இப்போது மூன்று பிள்ளைகள் தையல் பழகுகிறார்கள். போன கிழமை ஒருத்தி சட்டைக்கு உள்ளே வைத்துத் தைக்கும் லைனிங் துணியைக் கடைப் பையிலிருந்து எடுத்து, நனைக்காமல் அப்படியே மேசையில் விரித்து சோக்கால் கோடு போடத் தொடங்க, நான் பதறி எழும்பிய வேகத்தில் தேத்தண்ணீர்க் கோப்பை கவிழ்ந்தது. அவளில் கோபமில்லை. நானும் பழகின காலத்தில் அதைத்தான் செய்தேன்.

நூல் சிக்குவது, ஊசி உடைவது, இடக் கையை வலப்பக்கம் பொருத்துவது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. இரண்டு சட்டை கெட்டால் அதெல்லாம் தானாகப் பிடிபடும்.

லைனிங்கை நனைக்காமல் வெட்டுவது

பருத்தித் துணி தறியில் இழுத்துப் பிடித்து நெய்யப்படுவது. தண்ணீர் பட்டதும் அந்த இழுவை விட்டு நூல் சுருங்கும். மேலே இருக்கும் பட்டு அந்த அளவுக்குச் சுருங்காது. நூற்றுக்கு 3 சுருங்கினாலே 36 அங்குல மார்பளவில் ஒரு அங்குலம் போய்விடும், பிறகு கொக்கி எப்படிப் பூட்டுப்படும்?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு அக்கா காஞ்சிபுரம் சாறியோடு வந்த சட்டைத் துண்டைத் தந்தார். நானும் அழகாகத் தைத்துக் கொடுத்தேன், அவரும் ஒரு கல்யாணத்துக்குப் போட்டார். திருகோணமலை வெயிலில் பட்டுச் சட்டையைத் தோய்க்காமல் இரண்டாம் தரம் போட முடியாதுதானே, வீட்டில் மெதுவாக அலசிக் காயப்போட்டிருக்கிறார். திருப்பிக் கொண்டுவந்தபோது முதுகுப்பக்கம் சுட்ட கத்தரிக்காய்த் தோல் மாதிரிச் சுருண்டு கிடந்தது, கமக்கட்டில் கை நுழையவில்லை. பிரித்து வேறு லைனிங் வைக்கலாம் என்று இறங்கினேன். பட்டில் ஊசி ஓட்டை வரிசையாகத் தெரிந்தது, கழுத்து வளைவுக்கு நான் கொடுத்திருந்த சின்ன வெட்டுகளில் இழை பிரிந்து வந்தது. சாறியோடு சேர்த்து நெய்த 80 சென்ரிமீற்றர் துண்டு அது, அதே நிறத்தில், அதே கரையில் எங்கே தேடுவது? அந்த அக்கா ஏசியிருந்தால்கூட ஆறியிருக்கும். “பரவாயில்லை பிள்ளை, நான் வேற சட்டை போடுறன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: இரவு ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போடுங்கள், முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயவிட்டு, மினுக்கி, அப்புறம் வெட்டுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும், மார்கழி மழையில்தான் கரைச்சல். சிவப்பு, மரூன் லைனிங் என்றால் வாளித் தண்ணீரையும் பாருங்கள், சாயம் விடுவது அங்கேயே தெரிந்துவிடும்.

“இது சுருங்காது” என்று கடையில் சொல்வார்கள். நம்பாதீர்கள். பொலியெஸ்ரர் சாட்டின் லைனிங் உண்மையாகவே சுருங்காது, ஆனால் சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு கோயில் வீதியில் நிற்கிறவளிடம் கேட்டுப் பாருங்கள்.

அளவுச் சட்டையை நம்புவது

எப்போது தைத்தது என்று கேளுங்கள். பிள்ளை பெறுவதற்கு முதல் தைத்த சட்டையை அளவுக்குத் தந்துவிட்டு, “இறுக்கமாத் தைச்சிட்டியே” என்று வந்து நிற்பார்கள். உடம்பிலும் ஒருதரம் அளவெடுங்கள்.

உள்ளே துணி விடாமல் வெட்டுவது

பக்கத் தையலில் ஒரு அங்குலம் உள்ளே விடுங்கள். கஞ்சத்தனம் வேண்டாம்.

சட்டைத் துண்டென்று முந்தானையை வெட்டுவது

சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது. சாறியை முழுதாக விரித்துப் பார்த்த பிறகே கத்தரியைத் தொடுங்கள்.

சரிகையில் நேரே சூடு வைப்பது

மினுக்கும்போது மேலே ஒரு பருத்தித் துணி போடுங்கள்.

கடைசி நேரத் துணி

திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கையில் தைக்க வரும் துணியை வாங்காதீர்கள். லைனிங் நனைக்கிற வேலையை அந்த அவசரத்தில்தான் முதலில் விடுவோம். நான் இப்பவும் வாங்குகிறேன், அது வேறு கதை.