டைல்ஸ் இடுக்கில் ஆசிட்டை ஊற்றாதீர்கள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் போர் தண்ணீர்தான். பாத்ரூம் தரையில் வெள்ளை வெள்ளையாக உப்பு படியும். மாதம் ஒருமுறை ஆசிட் ஊற்றித் தேய்ப்பேன். நுரை பொங்கும்போது பெரிய வேலை செய்துவிட்டதாக ஒரு திருப்தி. இரண்டு வருஷம் கழித்து டைல்ஸ் இடுக்கில் நிரப்பியிருந்த கிரவுட் கலவையை நகத்தால் கீறினால் மாவாக உதிர்ந்தது. கொத்தனார் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்: "அண்ணாச்சி, அழுக்கு மட்டுமா போயிருக்கு? கிரவுட்டே போயிட்டுல்லா!"

உப்புக்கறையும் சுண்ணாம்பு, கிரவுட்டில் உள்ள சிமெண்ட்டும் சுண்ணாம்புச் சத்துதான். ஆசிட் இரண்டையும் சேர்த்தே கரைக்கும். எலுமிச்சையும் வினிகரும் அதே வேலையைக் கொஞ்சம் மெதுவாகச் செய்யும், அவ்வளவுதான். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்ப்பவர்களும் உண்டு. அதில் கிளம்புவது குளோரின் வாயு. மூடிய பாத்ரூமில் உயிருக்கே ஆபத்து. சோப்புத் தண்ணீரும் நைலான் பிரஷும் போதும். குளித்ததும் வைப்பரால் தண்ணீரைத் தள்ளிவிட்டால் உப்பு படிவதே பாதி குறையும்.

உதிர்கிற கிரவுட்டின் மேல் சீலர், அதாவது தண்ணீர் இறங்காமல் தடுக்கும் பூச்சு, அடிப்பது காசுக்குக் கேடு. சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். வெறும் வெள்ளை சிமெண்ட் வேண்டாம், சீக்கிரம் வெடிக்கும். புதுக் கிரவுட் காய எத்தனை நாள் என்று பாக்கெட்டிலேயே போட்டிருப்பார்கள். பெரும்பாலும் 2, 3 நாள். அதற்குள் சீலர் அடித்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஐப்பசி மழையில் இந்த வேலையைத் தொடாதீர்கள், பங்குனி வெயில்தான் தோது. ஒரே பாத்ரூம் உள்ள வீடு என்றால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தாமிரபரணிக்குப் போக வேண்டியதுதான். அதுவும் நல்லதுக்குத்தான்!

சீலரை இடுக்கில் மட்டும் தடவி, டைல்ஸ் மேல் வழிந்ததைச் சில நிமிடங்களில் துடைத்துவிடுங்கள். காய்ந்துவிட்டால் மங்கலாகப் படிந்து நிற்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இடுக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் சரி. உறிஞ்சிக் கறுத்தால் மறுபடி அடிக்கும் நேரம். சிமெண்ட்டுக்குப் பதில் பிசினால் ஆன எபாக்சி கிரவுட் போட்டிருந்தால் சீலரே தேவையில்லை. சுவரும் தரையும் சேரும் மூலைக்கு மட்டும் கிரவுட் வேண்டாம், வளைந்து கொடுக்கும் சிலிக்கோன் பசை வையுங்கள்.

கீழ்வீட்டு மேற்கூரையில் ஈரம் தெரிகிறதா? சீலர் டப்பாவைத் தூக்காதீர்கள். கோளாறு டைல்ஸுக்கு அடியில் போட்ட வாட்டர்ப்ரூஃபிங்கிலோ குழாயிலோ இருக்கும். முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.