உரக்குழி நாறுவதும் கிராம சபையில் மனு காணாமல் போவதும்: பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குப்பையை அளக்காமல் உரக்குழியைத் தொடங்குவதுதான் முதல் தவறு. குழி வெட்டும் முன் ஐந்து பள்ளி நாள்கள் குப்பையை எடை போடச் சொல்லுங்கள். தொங்கு தராசு ஒன்று போதும். சாப்பாட்டு மிச்சம், காய்கறித் தோல், காகிதம், பிளாஸ்டிக் உறை எனத் தனித்தனியாக எடுத்து, மாணவர்களே நோட்டில் எழுதட்டும். இந்தக் கணக்கு இல்லாவிட்டால் குழியின் அளவும் தெரியாது, மூன்று மாதம் கழித்து என்ன மாறியது என்றும் சொல்ல முடியாது.

அடுத்தது நாற்றம். சத்துணவுக்கூடத்துக் கழிவை மட்டும் கொட்டினால் காற்றுப் புகாமல் அழுகும். ஒரு வாளி ஈரக் கழிவுக்கு இரண்டு மூன்று வாளி காய்ந்த சருகு வேண்டும். பல பள்ளிகளில் அந்தச் சருகைத்தான் மைதான மூலையில் கொளுத்துகிறார்கள். பார்க்கவே மனம் பொறுக்காது. சாக்கில் கட்டி வையுங்கள். குழியின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சுள்ளி பரப்புங்கள். சாம்பார் சோற்றை நீர் வடித்துக் கொஞ்சமாகவே சேருங்கள். முட்டை ஓட்டை நொறுக்கிப் போடலாம். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டுதான் வர வேண்டும். அதற்கு மேல் வடிந்தால் சருகு போதவில்லை.

குவியல் மூன்றடி உயரமாவது இல்லாவிட்டால் சூடேறாது. நடுவில் இரும்புக் கம்பியைச் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவினால் சூடு தெரியும். அறுபது டிகிரி வரை போகக்கூடும் என்பதால் ஆசிரியர் முதலில் தொட்டுப் பார்க்கட்டும். வாரம் ஒருமுறை கிளறுங்கள். தடித்த பழுப்புப் புழுக்கள் வந்தால் மருந்து தெளிக்காதீர்கள். பெரும்பாலும் அவை பிளாக் சோல்ஜர் ஈயின் புழுக்கள், மக்கும் வேலையை வேகப்படுத்துபவை. இரண்டு மாதம் போல மக்கியபின் இன்னும் இரண்டு மூன்று வாரம் நிழலில் ஆறவிட வேண்டும். அரைகுறை உரத்தைப் போட்டால் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொண்டு செடி மஞ்சளாகும்.

கோடை விடுமுறையை மறந்துவிடுவார்கள். ஆண்டுத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே ஈரக் கழிவை நிறுத்தி, நனைத்த சாக்கால் மூடிவிடுங்கள்.

குப்பை அள்ளுவதைத் தண்டனையாகக் கொடுக்கவே கூடாது. அந்த வேலையையும் அதைச் செய்பவர்களையும் இழிவாகப் பார்க்கத்தான் அது கற்றுக்கொடுக்கும். உடைந்த கண்ணாடி, ஊசி, நாப்கின் ஆகியவற்றைப் பிள்ளைகள் தொடக் கூடாது.

மதிற்சுவரோடு நின்றுவிடுவது இன்னொரு தவறு. ஆனால் வீடு வீடாகப் போய் உபதேசம் செய்து பயனில்லை. முதலில் ஊரில் குப்பை சேகரிக்கும் தூய்மைக் காவலர்களிடம் கேளுங்கள்: வண்டி எப்போது வருகிறது, எந்தத் தெருவில் மக்கும் குப்பை, மக்காத குப்பை எனப் பிரிக்காமல் கொடுக்கிறார்கள்? வீட்டில் பிரித்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டினால் மறுவாரமே மக்கள் பிரிப்பதை விட்டுவிடுவார்கள். அதனால் வண்டியில் தனித்தனித் தொட்டி இருப்பதை உறுதிசெய்துகொண்டு, சம்மதிக்கும் இருபது வீடுகளில் ஒரு வாரம் எடை பாருங்கள்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும். அதன் உறுப்பினர்கள் வாக்காளர்கள் என்பதால், மாணவர்களின் கணக்கைப் பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர் முன்வைக்கலாம். ‘ஊர் சுத்தமாக வேண்டும்’ என்று பொதுவாகக் கேட்டால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். ‘மேலத்தெரு வண்டிக்கு இரண்டு தொட்டி வேண்டும், இதோ எடைக் கணக்கு’ என்றால் பதில் சொல்லியாக வேண்டும். மனுவை ஊராட்சிச் செயலரிடம் முன்கூட்டியே கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தீர்மான நகலைப் பள்ளிப் பலகையில் ஒட்டி, அடுத்த சபைக்கு முன் எந்த வகுப்பு அதைப் பற்றி விசாரிக்கும் என்று கீழே எழுதி வையுங்கள்.