சுவாஹிலியில் உடைந்தது எது?

தான்சானியாவின் தார் எஸ் சலாமுக்கு வேலைக்கு வரும் நம் ஆட்களில் சிலர் வந்த கையோடு இங்கே பேசும் சுவாஹிலி மொழியைப் படிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். நல்ல விஷயம்தான். அவர்களுடைய நோட்டைப் புரட்டும்போதுதான் எரிச்சல் வருகிறது. என் பழைய நோட்டும் அப்படித்தான் இருந்தது. காலை 7 மணியை இங்கே ஒரு மணி என்று சொல்வார்கள் என்பது போன்ற சங்கதிகளை நான் தொடப்போவதில்லை. ஒரு பேருந்தைத் தவறவிட்டால் அது தானாகப் புரிந்துவிடும். தானாகப் புரியாதவை மட்டும் கீழே.

பெயர்ச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்வது

'கிட்டாபு – புத்தகம், கிட்டி – நாற்காலி, மேஸா – மேசை' என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். (மேஸா, மேசை இரண்டுமே போர்த்துகீசியர் விட்டுச்சென்றவை. அதனால் இந்தச் சொல் மட்டும் யாருக்கும் மறப்பதில்லை.) பன்மை பற்றிக் கேட்டால், "கி போய் வி வரும், கிட்டி விட்டியாகும், அவ்வளவுதானே?" என்பார்கள். அவ்வளவு இல்லை.

சுவாஹிலியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஒரு வகையைச் சேர்ந்தது. அந்த வகையின் ஒட்டு வாக்கியம் முழுக்கப் பரவும். 'ஒரு பெரிய புத்தகம் விழுந்துவிட்டது' என்பதற்கு 'கிட்டாபு கிகுப்வா கிமோஜா கிமெஅங்குகா'. பெரிய, ஒரு, விழுந்தது என எல்லாவற்றின் தலையிலும் கி. இரண்டு புத்தகங்கள் என்றால் அத்தனையும் வி. கிட்டாபு அரபியிலிருந்து வந்த சொல். அதன் முதல் எழுத்தைக்கூட ஒட்டு என்று எடுத்துக்கொண்டு 'விட்டாபு' என்று பன்மை செய்துவிட்ட மொழி இது. ஒட்டு விஷயத்தில் அவ்வளவு பிடிவாதம்.

இதை அலங்காரம் என்று நினைப்பதுதான் கோளாறு. எனக்குத் தெரிந்த ஒருவர் அலுவலகத்துக்கு நாற்காலியும் மேசையும் வாங்கினார். சரக்கு வந்ததும் கடைக்காரரிடமிருந்து செய்தி: "விட்டி நா மேஸா விமெஃபிகா. ம்பிலி ஸிமெவுஞ்ஜிகா." நாற்காலிகளும் மேசைகளும் வந்துவிட்டன, இரண்டு உடைந்துவிட்டன. நம்மவர் யோசிக்கவே இல்லை. உடைவது நாற்காலியாகத்தான் இருக்கும் என்று இரண்டு நாற்காலிகளைப் புதிதாக வாங்கி, லாரி வாடகையும் கொடுத்து இறக்கிவிட்டார். உடைந்திருந்தவை மேசைகள். செய்தியில் அது பளிச்சென்று இருந்தது. நாற்காலியாக இருந்தால் 'விவிலி விமெவுஞ்ஜிகா' என்று வந்திருக்கும். மேஸா வேறு வகை, அதற்கு இரண்டு என்றால் 'ம்பிலி', வினையில் 'ஸி'. ஆட்களுக்கு 'வவிலி', மரங்களுக்கு 'மிவிலி', கார்களுக்கு 'மவிலி'. பெயரையே சொல்லாமல், எண்ணையும் வினையையும் வைத்தே எந்தப் பொருள் என்று காட்டிவிடுவார்கள். இன்றைக்கும் யாராவது "இலக்கணம் அப்புறம் பார்த்துக்கலாம், முதலில் சொற்கள்" என்றால் எனக்கு அந்த லாரி வாடகைதான் ஞாபகம் வருகிறது.

உடைமையிலும் இதே கதை. 'குழந்தையின் கோப்பை' என்று நாம் உடையவரை முன்னால் வைப்போம். அவர்கள் பொருளை முன்னால் வைப்பார்கள்: 'கிக்கோம்பே ச்சா ம்டோட்டோ'. நடுவில் நிற்கும் 'ச்சா' கோப்பைக்கு உரியது, குழந்தைக்கு அல்ல. பக்கத்தில் குழந்தை நிற்கிறதே என்று ஆட்களுக்கான 'வா' போடுபவர்களே அதிகம்.

அதனால் பெயரை 'என்' என்ற சொல்லோடு சேர்த்து, ஒருமையும் பன்மையுமாக எழுதுங்கள். 'கிட்டாபு ச்சாங்கு, விட்டாபு வ்யாங்கு'. 'ஞும்பா யாங்கு, ஞும்பா ஸாங்கு': என் வீடு, என் வீடுகள். வீடு என்ற சொல் இரண்டிலும் மாறவே இல்லை பாருங்கள், பன்மையைச் சொல்வது ஒட்டு மட்டும்தான். 'காரி லாங்கு, மகாரி யாங்கு': என் கார், என் கார்கள். அதே 'யாங்கு' ஒரு வகைக்கு ஒருமை, இன்னொரு வகைக்குப் பன்மை. தனிச்சொல் பட்டியலை வைத்து இதைப் பிடிக்கவே முடியாது. நல்ல அகராதிகள் சொல்லின் பக்கத்திலேயே வகையைக் குறித்திருக்கும், அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

விலங்குகளுக்கும் 'கி' போடுவது

கிபோகோ என்றால் நீர்யானை, கிஃபாரு என்றால் காண்டாமிருகம். 'கி'யில் தொடங்குவதால் வினையிலும் 'கி' போடத் தோன்றும். கூடாது. விலங்கு என்றால் மனிதருக்கான ஒட்டுதான்: 'கிபோகோ ம்குப்வா அமெலாலா'. பெரிய நீர்யானை தூங்குகிறது. நமக்கு உயர்திணைக் கோடு மனிதரோடு நின்றுவிடுகிறது, இங்கே அது விலங்குகளையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஒரு விலக்கு: நண்பனுக்கு வினையில் மனித ஒட்டு, ஆனால் 'என் நண்பன்' என்றால் ஆட்களுக்கான 'வாங்கு' வராது, 'ரஃபிக்கி யாங்கு'. ஏன் என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வாக்கியத்துக்கு வாக்கியம் 'மிமி'

'நினாசோமா' என்பதிலேயே 'நான்' இருக்கிறது. 'படிக்கிறேன்' என்பதைத் திருப்பிப் போட்டதுதான்: ஆள், காலம், வினை. தனியாக 'நான்' என்று அழுத்திச் சொல்லும்போது மட்டும் 'மிமி'.

எதிர்மறைக்கு 'ஹபானா'வை ஒட்டவைப்பது

'ஹபானா' என்றால் 'இல்லை'. 'மிமி ஹபானா சோமா' என்றால் புரிந்துகொள்வார்கள். ஆனால் காலனிக் காலத்தில் கென்யாவின் வெள்ளைக்காரப் பண்ணை முதலாளிகள் வேலையாட்களிடம் பேசிய அரைகுறை சுவாஹிலி அப்படித்தான் இருந்தது. அந்த வாடை நமக்கு எதற்கு? 'நினாசோமா'வுக்கு எதிர்மறை 'சிசோமி'. முன்னொட்டு மாறும், நடுவில் இருந்த 'நா' போய்விடும், கடைசி 'ஆ' 'இ' ஆகும்.

இறந்தகாலத்தில் இரண்டு உண்டு. 'சிகுசோமா' என்றால் படிக்கவில்லை, முடிந்த கதை. 'சிஜாசோமா' என்றால் இன்னும் படிக்கவில்லை. கல்யாணம் ஆகிவிட்டதா என்று முதல் சந்திப்பிலேயே கேட்பவர்கள் உண்டு. அங்கே 'ஜா' போட்டுச் சொன்னால் பேச்சு சிரிப்போடு நகரும்.

நோட்டில் தமிழ் எழுத்து

வேண்டாம். இங்கே நான் எழுதியிருப்பது வாசிக்கும் வசதிக்காக மட்டும். 'கிடைப்பது' என்ற வினையும் 'வாத்து' என்ற பெயரும் தமிழில் எழுதினால் ஒன்றுபோல 'பாட்டா' என்றே நிற்கும்.

நைரோபியைச் சாட்சிக்கு இழுப்பது

"நைரோபியில் 'காரி யாங்கு' என்றுதானே சொல்கிறார்கள்?" சொல்கிறார்கள். தெருப் பேச்சில் அங்கே வகைகள் தளர்ந்துவிட்டன. ஆனால் தார் எஸ் சலாமிலோ ஸான்ஸிபாரிலோ உங்களுக்கு வரும் ரசீதையும் கடிதத்தையும் எழுதுபவர் நைரோபிக்காரர் இல்லை. 'லாங்கு' தெரிந்தவருக்கு நைரோபிப் பேச்சு தானாகப் புரியும். 'யாங்கு' மட்டும் தெரிந்தவர், கடிதத்தில் 'லாங்கு' வகைக்கான ஒட்டோடு 'லிமெஃபிகா' என்று இருந்தால் என்ன வந்துசேர்ந்தது என்று யாரையாவது கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்.