வீடற்றோர் சேவையில் இனப் பாகுபாடு: நல்லெண்ணத்தோடே செய்யப்படும் தவறுகள்

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி (மாவட்டம்) மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் சுமார் 9 சதவீதம். வீடற்றோரிலோ சுமார் 40 சதவீதம். அங்குள்ள வீடற்றோர் சேவை ஆணையமே 2018-இல் வெளியிட்ட கணக்கு இது. "ஏழைகள் அதிகம், அதனால்தான்" என்று கடந்துபோவது முதல் தவறு. அமெரிக்க ஏழைகளில் கறுப்பினத்தவர் கால் பங்கைத் தாண்டவில்லை. வீடற்றோரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அவர்கள்தான்.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1930-களில் கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளை, கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்று அரசு நிறுவனமே வரைபடத்தில் சிவப்பாகத் தீட்டியது. வீட்டுக் கடனுக்கான அரசு உத்தரவாதமும் அங்கே எட்டிப் பார்க்கவில்லை. 1968-இல்தான் வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. ஆனால் அதற்குள் மற்றவர்கள் பிள்ளைகளுக்கு எழுதிவைக்க வீடு சேர்த்துவிட்டார்கள். வேலை போனால் யார் வீட்டில் போய்த் தங்குவது? அக்காவும் சித்தப்பாவும் அதே வாடகை நெருக்கடியில் இருக்கிறார்கள். கூடுதலாக ஒருவரைத் தங்கவைத்தால் அவர்கள் வீடும் பறிபோகலாம்.

அடுத்தது, மதிப்பெண்ணை நம்புவது. என் கணக்கில் ஆகப் பெரிய தவறு இதுதான். யாருக்கு முதலில் வீடு என்று முடிவுசெய்ய வி-ஸ்பிடாட் என்ற கேள்வித்தாளைப் பல ஊர்களில் பயன்படுத்தினார்கள். கடந்த ஆறு மாதத்தில் எத்தனை முறை எமர்ஜென்சிக்குப் போனீர்கள், ஆம்புலன்ஸில் ஏறினீர்கள், போதைப் பழக்கத்தால் வீட்டை இழந்தீர்களா என்று கேட்கும். தனி ஆளுக்கு மதிப்பெண் 8 அல்லது அதற்கு மேல் வந்தால், ஆதரவு சேவைகளோடு நிரந்தர வீட்டுக்குப் பரிந்துரை. 3-க்குள் என்றால் வீட்டு உதவியே இல்லை.

மருத்துவமனையில் அவமானப்பட்டு அந்தப் பக்கமே போகாதவருக்கு அந்தக் கேள்வியில் சைபர். முன்பின் தெரியாத அதிகாரியிடம் போதைப் பழக்கத்தை ஒப்புக்கொண்டால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயப்படும் தாய்க்கும் சைபர். பல ஆய்வுகளில் கறுப்பினத்தவரின் மதிப்பெண் வெள்ளையரைவிடக் குறைவாகவே வந்தது. உருவாக்கியவர்களே 2020-இல் அதைக் கைவிடப்போவதாக அறிவித்தார்கள்.

மருத்துவத்திலும் இதே கதை. அதிக கவனிப்பு வேண்டிய நோயாளிகளைக் கண்டுபிடிக்கும் ஒரு மென்பொருள், முந்தைய மருத்துவச் செலவை வைத்து நோயின் கடுமையைக் கணித்தது. அதே அளவு நோய் இருந்தும் கறுப்பின நோயாளிக்கு ஆன செலவு குறைவு. அதனால் நோயும் குறைவு என்று எடுத்துக்கொண்டது! 2019-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வின்படி, இதைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகிறவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 ஆகிறது. நிரலில் இனம் என்ற கட்டமே கிடையாது. அங்கே மென்பொருள் எழுதும் நம்மவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இதைக் கேட்டதும் இரண்டு கோடியில் ஒன்றுக்கு ஓடுவார்கள். "நாங்கள் இனத்தையே பார்ப்பதில்லை" என்று விவரம் சேகரிப்பதை நிறுத்துவது ஒன்று. நிறுத்தினால் பாகுபாடு கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். இனத்துக்கென்றே தனிப் புள்ளி கொடுப்பது இன்னொன்று. அது 1968 சட்டத்தோடு மோதும். கேள்விகளை மாற்றுவதுதான் நடக்கக்கூடிய வழி. மாற்றும்போது தெருவில் வாழ்ந்தவர்களைக் கூப்பிட வேண்டும், செலவழிக்கும் நேரத்துக்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும். டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, ஏற்கெனவே அச்சடித்த தாளைக் காட்டித் தலையாட்டச் சொல்வது ஆலோசனை ஆகாது.

அப்புறம், வாடகை வவுச்சர் (வாடகையில் ஒரு பங்கை அரசு கட்டும் சீட்டு) கையில் வந்தால் வீடு கிடைத்துவிட்டது என்று எண்ணுவது. வவுச்சரைப் பார்த்ததும் கதவைச் சாத்தும் வீட்டுக்காரர்கள் ஏராளம். கலிஃபோர்னியா 2020 ஜனவரியிலிருந்து இதைத் தடைசெய்திருக்கிறது. அப்படிச் சட்டம் இல்லாத மாநிலங்களும் உண்டு.

சாவி கொடுத்த நாளோடு கணக்கை மூடுவதும் தவறு. லாஸ் ஏஞ்சலஸில் வீடு பெறும் விகிதத்தில் கறுப்பினத்தவர் பின்தங்கவில்லை. வித்தியாசம் அதற்குப் பிறகுதான் தெரிந்தது: ஆதரவு வீடுகளிலிருந்து மறுபடி தெருவுக்கு வந்தவர்களில் அவர்கள் அதிகம்.