பிரசார சைக்கிள் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கோரிக்கையை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சைக்கிளில் போய்ப் பேசும் குழுக்களைப் பார்க்க எனக்கு எப்போதும் சந்தோஷம்தான். கிளம்பும் முன் திட்டத்தை அனுப்பிக் கருத்துக் கேட்பவர்களும் உண்டு. படித்தால், நாங்கள் ஆரம்பத்தில் இடறிய அதே இடங்களில் இவர்களும் இடறப்போவது தெரிகிறது. ஹெல்மெட், தண்ணீர், பஞ்சர் சாமான் பற்றி நான் பேசப்போவதில்லை. அதை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள்.

ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர்

இன்னமும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். திட்டத்தின் முதல் பக்கத்திலேயே மொத்தத் தூரம் பெரிய எழுத்தில் இருக்கும். நாட்களால் வகுத்தால் தினமும் நூறோ நூற்றிருபதோ வரும். தனியாக ஊர் சுற்றப் போகிறவருக்கு அது சரி. மக்களிடம் பேசப் போகிறவர்களுக்கு அது பயணத்தையே கெடுத்துவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூட்டை கட்டிய சைக்கிளில், குழுவாக, மணிக்கு 15 கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். 100 கிலோமீட்டருக்கு ஏழு மணி நேரம் மிதிக்க வேண்டும். சாப்பாடு, ஓய்வு, பஞ்சர், வழி தவறுவது எல்லாம் சேர்ந்தால் பகல் முழுக்கப் போய்விடும். வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்பார்கள். நடக்காது. 15லிருந்து 20க்கு ஏற்றினால், காற்றைத் தள்ளுவதற்கு மட்டுமே இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி போகும். எதிர்காற்று அடித்தால் கேட்கவே வேண்டாம். அப்புறம், கடைசியில் வருபவரின் வேகம்தான் குழுவின் வேகம்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மிதிப்பதற்கு ஏற்றது வெயில் ஏறாத காலையும் மாலையும். வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் கிடைப்பதும் அதே காலையும் மாலையும்தான். அந்த நேரத்தை மிதிக்கக் கொடுத்துவிட்டவர்கள் நடுப்பகலில் ஆளில்லாத தெருவுக்குள் நுழைந்து, பூட்டிய கதவுகளில் துண்டறிக்கையைச் செருகிவிட்டு, பேனரோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள்.

அப்படி ஒரு குழுவோடு நானும் போயிருக்கிறேன். மாலையில் வருவதாகச் சொல்லியிருந்த ஊருக்கு நன்றாக இருட்டிய பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். பெண்கள் சிலர் அதுவரை காத்திருந்தார்கள். குழுவின் நல்ல பேச்சாளர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். ஒரு அம்மா தங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வராததை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். பாதியிலேயே ஒருங்கிணைப்பாளர், “விடியற்காலையில கிளம்பணும்மா” என்று கூட்டத்தை முடித்துவைத்தார். அடுத்த முறை போனபோது அந்தத் தெருவில் எங்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை. நூறு கிலோமீட்டர் மிதித்துப் போய் ஒரு ஊரையே இழந்துவிட்டு வந்திருக்கிறோம்.

இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1894இல் சில சோஷலிச இளைஞர்கள் கிளாரியன் சைக்கிள் சங்கத்தைத் தொடங்கினார்கள். விடுமுறை நாட்களில் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போய்த் துண்டறிக்கையும் பத்திரிகையும் கொடுப்பார்கள், கூட்டம் போட்டுப் பேசுவார்கள். போய்வரக்கூடிய தூரம் என்பதால் அதே ஊருக்குத் திரும்பவும் போக முடியும். சைக்கிள் பிரசாரத்தின் பலமே அதுதான்.

ஆகவே நான் சொல்வது, ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். காலையில் ஆட்கள் வேலைக்குக் கிளம்பும்வரை பேசுங்கள். பிறகு மூன்று மணி நேரம் மிதித்தால் மதியத்துக்குள் அடுத்த ஊர். ஓய்வெடுத்துவிட்டு, மாலையில் தெளிந்த முகத்தோடு மக்கள் முன்னால் உட்காரலாம். வெயில் கடுமையான மாதம் என்றால் 40ஐயும் குறையுங்கள்.

சைக்கிளுக்குப் புது சீட்

பயணத்தின் முதல் நாளில் மாட்டாதீர்கள்.

துண்டறிக்கைக் கட்டை முதுகில் சுமப்பது

கேரியரில் கட்டுங்கள். மழைக்குப் பிளாஸ்டிக் உறை போடுங்கள்.

போனதும் நாமே பேசுவது

வந்தவர்களே மைக்கைப் பிடித்தால் அந்த ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார்கள். முதலில் அவர்களில் ஒருவர் பேசட்டும். அவர் பேசியதிலிருந்து நம் கோரிக்கைக்கு வழி பிடியுங்கள். வழி கிடைக்கவில்லை என்றால் அந்த ஊருக்கு நம் கோரிக்கை பொருந்தவில்லை என்று அர்த்தம். அதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

முகம் தெரியும் படங்கள்

நாம் மறுநாள் போய்விடுவோம். முதலாளிக்கோ உள்ளூர்ப் பெரிய மனிதருக்கோ எதிராகப் பேசியவர் அங்கேயே இருக்கப்போகிறார். வேலை போகலாம், மிரட்டல் வரலாம். கேட்காமல் எடுக்காதீர்கள். சம்மதித்தாலும், எடுத்த படம் எங்கே போகும், யார் யார் பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டு இன்னொரு முறை கேளுங்கள். ஊரின் பெயரோடு அன்றைக்கே பதிவு போடும் பழக்கத்தை அடியோடு விடுங்கள்.

பெயர்களை எழுதி வாங்கிவிட்டு மறந்துபோவது

“நாங்களும் வர்றோம்” என்று சொல்லிப் பெயரும் எண்ணும் கொடுத்தவர்களின் நோட்டு, பயணம் முடிந்ததும் எங்கோ ஒரு பைக்குள் போய்விடும். எல்லோரும் களைத்திருப்பார்கள், விடுப்பும் முடிந்திருக்கும். இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டால் அவர்கள் ஆர்வம் ஆறியிருக்கும். மிதிக்காத ஒருவரை வீட்டிலேயே இருத்துங்கள். அன்றைய பெயர்கள் அன்று இரவே அவரிடம் போக வேண்டும், இரண்டு நாளுக்குள் அவர் கூப்பிட்டுப் பேச வேண்டும். நோட்டை அவரைத் தவிர வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது. அப்படி ஒருவர் அமையவில்லை என்றால் ஊர்களைக் குறைத்துவிட்டுக் குழுவிலிருந்தே ஒருவரை அதற்கு நிறுத்துங்கள்.