புது காரைப் பற்றிக் கருத்துச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எல்லாச் சொந்தத்திலும் கார் விஷயம் தெரிந்தவர் என்று பெயரெடுத்த ஒருவர் இருப்பார். மாமாவோ சித்தப்பாவோ புது வண்டி எடுக்க நினைத்தால் ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் அவருக்குத்தான் போன் வரும். "அந்த வண்டி எப்படிப்பா?" என்ற கேள்விக்கு அவர் சொல்லும் ஒரு வரியில் பத்துப் பன்னிரண்டு லட்சம் ரூபாயும் ஐந்தாறு வருஷத்து மாதத் தவணையும் முடிவாகிவிடுகின்றன. அதனால் கார் ஆர்வலர்களின் பேச்சை வெறும் பொழுதுபோக்காக நான் நினைப்பதில்லை. அதற்கு விலை இருக்கிறது, அந்த விலையைக் கொடுப்பவர் வேறொருவர்.

இந்தக் கருத்துகள் தவறிப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். "நல்லா இருக்கு", "மொக்கையா இருக்கு" என்ற தீர்ப்பு முதலில் வந்துவிடுகிறது. "இது ஏன் இப்படி இருக்கு?" என்ற கேள்வி வருவதே இல்லை. ஒரு காரின் உருவத்தை வடிவமைப்பாளரின் கை மட்டும் தீர்மானிப்பதில்லை. வரி, சட்டம், செலவு, வெயில், சாலை எல்லாம் சேர்ந்துதான் அதை வரைகின்றன.

படத்தைப் பார்த்துத் தோற்றத்தை முடிவு செய்வது

அறிமுக நாளன்று வரும் படங்களை வைத்து டிசைனைத் தீர்மானிப்பதுதான் மிகப் பரவலான தவறு. போன் கேமராவின் அகன்ற லென்ஸைக் காரின் மூக்குக்கு அருகில் கொண்டுபோனால் முன்பக்கம் வீங்கித் தெரியும், பின்பக்கம் சுருங்கிப்போகும். நிறுவனம் தரும் படமோ தாழ்ந்த கோணத்தில், செட் போட்ட வெளிச்சத்தில், பெரிய சக்கரம் மாட்டிய உச்ச வேரியன்ட்டை வைத்து எடுத்தது. இரண்டுமே நாம் தெருவில் பார்க்கப்போகும் கார் இல்லை. பகல் வெளிச்சத்தில் இருபது அடி தள்ளி நின்று, சுற்றி நடந்து பார்த்தால்தான் உடலுக்கும் சக்கரத்துக்கும் உள்ள அளவுப் பொருத்தம் புரியும். கிரில், விளக்கு போன்ற நகாசு வேலைகள் கண்ணுக்குப் பழகிவிடும். அளவுப் பொருத்தம் கெட்டிருந்தால் மட்டும் பத்து வருஷம் ஆனாலும் உறுத்தும்.

பழகுவதற்கு நேரம் கொடுக்காமல் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு 2001-இல் வந்த பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் நல்ல சான்று. டிக்கி மூடி தனியாகத் தூக்கிவைத்தது போல இருந்த அந்தக் காரைப் பார்த்து உலகம் முழுக்க பிஎம்டபிள்யூ ரசிகர்கள் கொதித்தார்கள். டிசைன் தலைவர் கிறிஸ் பாங்கிளை நீக்கச் சொல்லி இணையத்தில் கையெழுத்து வேட்டையே நடந்தது. அந்தக் கார் நன்றாக விற்றது. அவர் 2009 வரை அங்கேயே இருந்தார். நம்மூரில் 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தபோதும் அதன் உயரமான உடலைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் நிறைய. வேட்டி கட்டிய தாத்தாவும் முழங்கால் வலியுள்ள பாட்டியும் குனியாமல் ஏறி உட்கார அந்த உயரம்தான் வசதியானது. பிறகு அந்தக் காரின் பலமாகப் பேசப்பட்டதும் அதுவே.

இந்தியச் சின்னக் கார்களின் பின்பக்கம் "வெட்டிவிட்ட மாதிரி" இருக்கிறது என்ற குறையை அடிக்கடி கேட்கலாம். குறை உண்மைதான், ஆனால் காரணம் வரி. நீளம் 4,000 மில்லிமீட்டருக்குள்ளும், பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள்ளும், டீசல் என்றால் 1,500 சிசிக்குள்ளும் இருந்தால் வரி குறைவு. 2025 செப்டம்பர் 22-இலிருந்து அப்படிப்பட்ட கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அந்த எல்லையைத் தாண்டினால் 40 சதவீதம். 2008-இல் வந்த முதல் டிசையர் 4 மீட்டரைத் தாண்டிய நீளம் கொண்டது. 2012-இல் வந்த அடுத்த டிசையரை 3,995 மில்லிமீட்டரில் நிறுத்தினார்கள். டிக்கி குட்டையானது அப்படித்தான். டிசைனரைத் திட்டுவதற்கு முன்னால், அந்தச் சில அங்குலங்களுக்கு உங்கள் மாமா எவ்வளவு கூடுதல் வரி கட்டத் தயாராக இருக்கிறார் என்று கேளுங்கள்.

இப்போதைய கார்களின் பானட் தடித்து உயர்ந்திருப்பதற்கும் இதே போலக் காரணம் உண்டு. நடந்து போகிறவர் மீது கார் மோதினால் அவர் தலை பானட்டில்தான் விழும். பானட்டுக்கும் கீழே இருக்கும் இரும்பு எஞ்சினுக்கும் நடுவே இடைவெளி இருந்தால்தான் தகடு அமுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். பாதசாரி பாதுகாப்பு விதிகள் வந்தபின் பழைய கார்களின் தாழ்ந்த, கூரிய மூக்கு திரும்பி வருவது கடினமாகிவிட்டது. எனக்கும் அந்தத் தாழ்ந்த மூக்கு பிடிக்கும். ஆனாலும் இந்த இடைவெளிக்காக அதை விட்டுக்கொடுப்பதில் எனக்கு வருத்தம் இல்லை.

எஞ்சினை ஒரே எண்ணால் அளப்பது

மிக அதிகமாகக் கோட்டை விடும் இடம் இதுதான். "120 குதிரைத்திறன், அதனால் நல்ல எஞ்சின்." "வெறும் 1,000 சிசி, மூணு சிலிண்டர், அதனால் வேண்டாம்." இரண்டும் பாதிப் பேச்சு.

ஹோண்டா சிட்டியின் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் சுமார் 121 குதிரைத்திறன் தருகிறது. எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ வைத்த ஹூண்டாய் வென்யூவின் 1.0 லிட்டர் எஞ்சின் தருவது 120. காகிதத்தில் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் சிட்டியின் உச்ச டார்க், அதாவது எஞ்சினின் முறுக்கு விசை, 145 நியூட்டன் மீட்டர், அது கிடைப்பது 4,300 ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிஷத்துக்கு 4,300 முறை சுற்றும்போது. வென்யூ டர்போவின் 172 நியூட்டன் மீட்டரோ 1,500-இலேயே வந்து 4,000 வரை நிற்கிறது. குதிரைத்திறன் என்பது டார்க்கையும் எஞ்சினின் சுற்று வேகத்தையும் பெருக்கி வருவது. 2,000 ஆர்பிஎம்மில் 172 நியூட்டன் மீட்டர் இழுத்தால் அந்த நொடியில் கிடைப்பது ஏறத்தாழ 49 குதிரைத்திறன். அதே 2,000-இல் டர்போ இல்லாத எஞ்சின் 120 நியூட்டன் மீட்டர் இழுத்தாலும் 34-தான். நகரத்தில் நாம் பெரும்பாலும் ஓட்டுவது இந்தச் சுற்றில்தான். உச்ச எண் எட்டிப்பார்க்கும் 6,000 ஆர்பிஎம்முக்குப் பலர் வண்டியின் ஆயுளிலேயே ஒருமுறைகூடப் போகமாட்டார்கள்.

இதனால் டர்போதான் உயர்ந்தது என்று அர்த்தமில்லை. சிட்டியின் எஞ்சின் மிதிக்க மிதிக்க ஒரே சீராக ஏறும், அந்தச் சுகமே தனி. டர்போ விழிப்பதற்கு முன் வரும் தயக்கம் மேட்டில் நின்று கிளம்பும்போது சிலருக்கு எரிச்சல் தரும். காலை அழுத்தி ஓட்டினால் டர்போவின் மைலேஜும் சட்டென இறங்கும். யார், எங்கே, எத்தனை பேரோடு ஓட்டப்போகிறார்கள் என்று கேட்காமல் இரண்டில் ஒன்றைச் சிறந்தது என்று சொல்ல முடியாது.

2024-இல் புது ஸ்விஃப்ட் வந்தபோது நடந்ததைப் பாருங்கள். நாலு சிலிண்டர் போய் மூணு சிலிண்டர் வந்தது, 90 குதிரைத்திறன் 82 ஆனது. "ஸ்விஃப்ட்டைக் கெடுத்துட்டாங்க" என்ற பேச்சு உடனே கிளம்பிவிட்டது. டார்க் 113-இலிருந்து ஏறக்குறைய 112-க்குத்தான் இறங்கியது என்பதைச் சொன்னவர்கள் குறைவு. சிக்னலுக்குச் சிக்னல் ஓட்டும்போது அந்த வித்தியாசம் காலுக்குத் தெரியாது. எஞ்சினை விரட்டி ஓட்டுகிறவருக்கு மேல் சுற்றில் குறைவு தெரியும், அவருடைய வருத்தம் நியாயமானது. ஆனால் அது அவருடைய வருத்தம். அலுவலகத்துக்கும் கோயிலுக்கும் போய்வரும் குடும்பத்துக்கு அதை அப்படியே எடுத்துக் கொடுக்கக் கூடாது.

மூணு சிலிண்டரில் நிஜமாகவே கவனிக்க வேண்டியது அதிர்வு. நாலு சிலிண்டரில் எஞ்சின் அரைச்சுற்று சுற்றுவதற்குள் ஒரு வெடிப்பு நடந்துவிடும். மூணு சிலிண்டரில் வெடிப்புக்கு வெடிப்பு இடைவெளி அதிகம், அதோடு எஞ்சினுக்கு முன்னும் பின்னும் ஆடும் சுபாவமும் உண்டு. இதை அடக்குவது எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் மவுன்ட்டின் வேலை. அதனால் ஒரே மூணு சிலிண்டர் அமைப்பு ஒரு காரில் தொந்தரவே இல்லாமலும் இன்னொன்றில் ஸ்டீயரிங்கைக் கடகடவென ஆட்டியும் இருக்கும். ஏசியைப் போட்டுவிட்டு ஐட்லிங்கில் இரண்டு நிமிஷம் சும்மா உட்காருங்கள், பின் சீட்டிலும் உட்காருங்கள். அதைவிட நல்ல சோதனை இல்லை. இழுவை தெரிய வேண்டுமென்றால் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு மேம்பாலத்திலாவது ஏற்றிப் பார்க்க வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் குடும்பத்தோடு இரண்டாவது கியரில் ஏறப்போகிற வண்டியை, தனியாளாக ஷோரூமைச் சுற்றி ஓட்டிவிட்டு "பிக்கப் சூப்பர்" என்று சொன்னால் அதில் ஒரு பயனும் இல்லை.

டீசல் மீதான பழைய பாசத்தையும் கொஞ்சம் தள்ளிவைக்க வேண்டும். ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் ஒரு காலத்தில் ஸ்விஃப்ட்டிலும் இண்டிகா விஸ்டாவிலும் லீனியாவிலும் ஓடியது. அருமையான எஞ்சின், மறுக்கவில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் சின்ன டீசல்களின் புகையைச் சுத்தம் செய்யும் செலவு கட்டுப்படியாகாமல் மாருதி டீசலையே கைவிட்டது. இன்றைய டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரி எரிய வேண்டுமென்றால் வண்டி நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் சீராக ஓட வேண்டும். தினமும் ஐந்து கிலோமீட்டர் ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு "கண்ணை மூடிக்கிட்டு டீசல் எடுங்க" என்று சொன்னால், எச்சரிக்கை விளக்கு எரிய எரிய அவர் சர்வீஸ் சென்டருக்கு நடையாய் நடப்பார்.

மைலேஜ் எண்ணையும் அப்படியே ஒப்பிக்க வேண்டாம். விளம்பரத்தில் வருவது ஆய்வகத்து உருளைகளின் மேல், நிர்ணயித்த வேகக் கணக்கில் ஓட்டி எடுத்தது. அது இரண்டு கார்களை ஒப்பிட உதவும், மாதப் பெட்ரோல் செலவைக் கணக்குப் போட உதவாது.

தட்டிப் பார்த்துப் பாதுகாப்பைச் சொல்வது

கதவைச் சாத்தி சத்தம் கேட்பது, பானட்டை விரலால் அமுக்குவது, "தகடு மெல்லிசா இருக்கு, சேஃப்டி இல்லை" என்பது. இந்தப் பழக்கம் எப்படியாவது ஒழிய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். வெளித்தகடு ஒரு போர்வைதான். மோதலில் உயிரைக் காப்பது உள்ளே இருக்கும் எலும்புக்கூடும், சீட் பெல்ட்டும், ஏர்பேக்கும். முன்பக்கம் நசுங்க வேண்டும், ஆள் இருக்கும் கூடு நசுங்கக் கூடாது என்ற எண்ணத்துக்கு மெர்சிடிஸ் பென்ஸின் பெலா பாரெனி 1950-களின் தொடக்கத்திலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிய கார் படத்தைப் போட்டு "பாருங்க தரத்தை" என்று பகிர்வதற்கு முன், உள்ளே இருந்தவர்கள் நடந்து வெளியே வந்தார்களா என்று விசாரிக்க வேண்டும்.

எடையும் இதற்கு விடை சொல்லாது. 2024 டிசையரின் பெட்ரோல் வண்டி ஒரு டன்னுக்கும் குறைவான எடைதான். குளோபல் என்கேப் என்ற அமைப்பின் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு அது ஐந்து நட்சத்திரம் வாங்கியது. 2023-இலிருந்து இந்தியாவின் சொந்தச் சோதனையான பாரத் என்கேப் முடிவுகளும் கிடைக்கின்றன, அவற்றைப் பார்த்துப் பேசலாம். சோதனை முடிவு இல்லாத காருக்கு "இன்னும் சோதிக்கவில்லை" என்று சொல்லிவிட்டால் போதும்.

உள்ளே ஏறியதும் பிளாஸ்டிக்கை அழுத்துவது

டேஷ்போர்டை விரலால் அழுத்தி "ஹார்டு பிளாஸ்டிக்" என்று உதட்டைப் பிதுக்குவது ஆர்வலர்களின் சடங்காகிவிட்டது. டேஷ்போர்டின் மேற்பகுதியை வாங்கியவர் துடைக்கும்போதுதான் தொடப்போகிறார். அவர் தினமும் தொடுவது ஸ்டீயரிங், கியர், கதவுக் கைப்பிடி, கை வைக்கும் இடம், பட்டன்கள். அங்கே தரம் இருக்கிறதா என்று பார்த்தால் அந்தக் கருத்து உதவும். பளபளக்கும் பியானோ கறுப்பு ஷோரூமில் மயக்கும், ஒரே மாதத்தில் கீறலும் கைரேகையும் தெரியும்.

திரையின் அங்குலத்தை வைத்து மார்க் போடுவது இன்னும் மோசம். 2022-இல் விபிலாகரே என்ற சுவீடன் கார்ப் பத்திரிகை ஒரு சோதனை செய்தது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே ரேடியோ மாற்றுவது, வெப்பத்தைக் கூட்டுவது போன்ற நாலு வேலைகளைச் செய்ய வேண்டும். 2005-ஆம் வருஷத்துப் பட்டன் வைத்த வால்வோ வி70-இல் ஆன நேரம் 10 விநாடி. திரையை நம்பிய எம்ஜி மார்வெல் ஆர் எடுத்தது 44.9 விநாடி. அவ்வளவு நேரத்தில் கார் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிடும். இப்போது யூரோ என்கேப் 2026 விதிகளில் இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்றவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் கொடுக்கிறார்கள்.

இதிலும் ஆர்வலர்களின் அவசரம் தெரிகிறது. முன்பு சொன்ன 2001 பிஎம்டபிள்யூவில் முதன்முதலாக வந்த, திரையை இயக்கும் ஐடிரைவ் திருகு குமிழை அன்று எல்லோரும் கரித்துக்கொட்டினார்கள். 2022-இல் அதே நிறுவனத்தின் புது எக்ஸ்1 கார் அந்தக் குமிழ் இல்லாமல் வந்தபோது, "ஏன் எடுத்தீங்க?" என்று வருந்தியதும் ஆர்வலர்கள்தான்.

நம் ஊருக்கென்று பார்க்க வேண்டியவை வேறு. மதியம் வெயிலில் நின்ற வண்டியில் ஏறி, ஏசி எவ்வளவு சீக்கிரம் பின் சீட்டைக் குளிர்விக்கிறது என்று பாருங்கள். சன்ரூஃப் சில கார்களில் தலைக்கு மேல் இருக்கும் இடத்தைக் குறைக்கும், அதனால் வீட்டிலேயே உயரமானவரைப் பின்னால் உட்காரவைத்துப் பாருங்கள். சீட் தொடையைத் தாங்குகிறதா என்பது ஐந்து நிமிஷத்தில் தெரியாது. சென்னையிலிருந்து மதுரை போகும்போது விழுப்புரம் தாண்டியதும் தெரியும். ஷோரூமிலேயே கால் மணி நேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் ஓரளவு புரிந்துவிடும்.

ஓட்டிய வண்டி வேறு, வாங்கும் வண்டி வேறு

விமர்சனத்துக்குக் கிடைப்பதும் ஷோரூமில் டெஸ்ட் டிரைவுக்கு நிற்பதும் பெரும்பாலும் உச்ச வேரியன்ட்கள். வாங்குகிறவர் எடுப்பதோ நடுத்தர வேரியன்ட். சக்கரம் சின்னது, டயர் வேறு, சீட் துணி வேறு, சில சமயம் எஞ்சினே வேறு. டர்போ ஆட்டோமேட்டிக்கை ஓட்டிவிட்டு வந்த பாராட்டு, அதே பெயரில் டர்போ இல்லாத மேனுவலை எடுப்பவருக்குப் பொருந்தாது. ஆரம்ப விலையைச் சொல்லி உச்ச வேரியன்ட்டின் வசதிகளை அடுக்குவதும் இதே தவறுதான். மாமா கேட்டால் முதலில் அவர் பட்ஜெட்டுக்கு எந்த வேரியன்ட் வருகிறது என்று ஆன்ரோடு விலையோடு எழுதிக்கொள்ளுங்கள். அந்த வேரியன்ட்டையே காட்டச் சொல்லி ஷோரூமில் கேளுங்கள், இல்லையென்றால் வரவழைக்கச் சொல்லுங்கள். அப்புறம் பேசும்போது எதை ஓட்டினீர்கள், எந்தச் சாலையில், எத்தனை பேரோடு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். பார்க்காததைப் பற்றிக் கேட்டால் "அதை நான் இன்னும் பார்க்கலை மாமா" என்று சொல்லிவிடலாம்.