இளையோர் தீயணைப்புப் பயிற்சி: ஆர்வத்தைத் தகுதி என்று நினைக்க வேண்டாம்

அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். சிறிய ஊர்களில் கடைக்காரரும் விவசாயியும்தான் சைரன் கேட்டதும் நிலையத்துக்கு ஓடுகிறார்கள். அவர்களுக்குப் பின் யார் என்ற கவலையில்தான் பல நிலையங்கள் பதின்வயதினருக்கு ஜூனியர் பிரிவு நடத்துகின்றன. ‘ஃபயர் எக்ஸ்ப்ளோரர்’ திட்டத்தில் 14 வயதிலேயே சேரலாம். ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் நிலையத்துக்குத் துடிப்பான பிள்ளை ஒன்று வந்துவிட்டால், எந்த வேலை சொன்னாலும் சரி என்றுதான் சொல்லும். தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

முதல் தவறு, நெருப்பை ‘அனுபவமாக’ காட்ட நினைப்பது. 2001 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் லேர்ட்ஸ்வில் ஊரில், கைவிடப்பட்ட ஒரு வீட்டில் பயிற்சி நடந்தது. படையில் புதிதாகச் சேர்ந்திருந்த 19 வயது இளைஞரை, மீட்கப்பட வேண்டியவராக நடிக்கச் சொல்லி மாடியில் வைத்தார்கள். கீழே மூட்டிய தீ சோஃபா மெத்தையைப் பற்றிக்கொண்டு நினைத்ததைவிட வேகமாக எழுந்தது. அவரை உயிருடன் மீட்க முடியவில்லை. பயிற்சியை நடத்திய அதிகாரி நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பானது. உயிருள்ள மனிதரை இப்படி நடிக்க வைக்கக் கூடாது என்று அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் ‘என்எஃப்பிஏ 1403’ என்ற பயிற்சி நெறி அதற்கு முன்பே சொல்லியிருந்தது. துணி அடைத்த பொம்மை போதும். 19 வயதுக்காரருக்கே இந்த நிலை என்றால், 15 வயதுப் பிள்ளையை எரியும் கட்டடத்தின் பக்கம் விடுவதை நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன்.

அதற்காகப் பயந்து, ஆண்டு முழுக்க வண்டி கழுவ மட்டும் விடுவதும் தவறுதான். மூன்றாவது மாதத்தில் பிள்ளை நின்றுவிடும். நெருப்பே இல்லாமல் கற்றுக்கொடுக்க எவ்வளவோ இருக்கிறது: குழாயை விரிப்பது, சுருட்டுவது, அதைத் தெருவோரத் தண்ணீர்க் குழாயான ஹைட்ரண்டில் இணைப்பது, ஏணியைச் சரியான சாய்வில் நிறுத்துவது, முடிச்சுகள், ரேடியோவில் சுருக்கமாகப் பேசுவது, முதலுதவி, இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் சிபிஆர். முகக்கவசத்தின் கண்ணாடியை மறைத்துவிட்டு, வெறும் கூடத்தில் சுவரைத் தடவியபடி பொம்மையைத் தேடச் சொல்லுங்கள். புகைக்குள் திசை தெரியாமல் தவிப்பது எப்படி இருக்கும் என்று அரை மணி நேரத்தில் புரிந்துவிடும்.

கரி படிந்த உடையைப் பெருமையாகக் காட்டும் பழக்கத்தையும் பிள்ளைகள் பெரியவர்களிடமிருந்துதான் கற்கிறார்கள். தீயணைப்புத் தொழிலே புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-ல் வகைப்படுத்தியது. தீயிலிருந்து திரும்பிய அழுக்கு உடைகளைப் பிள்ளைகளிடம் துவைக்கக் கொடுக்காதீர்கள். அதைக் கழுவும் முறையை முதலில் நீங்கள் கடைப்பிடியுங்கள்.

அப்புறம் வண்டி. புதிதாக லைசென்ஸ் எடுத்த 17 வயதுப் பிள்ளை, அழைப்பு வந்ததும் நிலையத்துக்குப் பறக்கத்தான் பார்க்கும். தாமதமாக வந்தால் யாரும் திட்ட மாட்டார்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பள்ளி நேரத்தில் அழைப்புக்கு வரவே கூடாது.

நிலையத்தில் ஒரு பிள்ளையும் ஒரே ஒரு பெரியவரும் தனியாக இருக்கும் நிலை வரக்கூடாது. குறைந்தது இரண்டு பெரியவர்கள். பெரியவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதில் விலக்கு இல்லை.

கடைசியாக, பலர் மறந்துவிடும் ஒன்று. இந்தப் படைகளுக்கு வரும் அழைப்புகளில் தீயைவிட மருத்துவ உதவியும் சாலை விபத்தும்தான் அதிகம். தூரத்தில் நின்று சாலையில் எச்சரிக்கைக் கூம்பு வைத்த பிள்ளைகூடப் பார்க்கக் கூடாததைப் பார்த்திருக்கலாம். “ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருக்கேன்” என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். அன்று இரவே பெற்றோரைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து, பிள்ளைக்குத் தூக்கம் எப்படி இருக்கிறது என்று மறுபடியும் கேளுங்கள்.